ராகுவுக்கு டிக்கெட் இல்லை

கரீபியன் கடலில், குவாதலூப் தீவின் படகுத்துறை. டொமினிக்காவுக்குப் போகும் பாய்மரப் படகில் எல்லாரும் ஏறிவிட்டார்கள், நாங்கள் இருவரைத் தவிர.

“ராகுகாலம் முடியட்டும் மச்சான், பிறகு ஏறுவம்” என்கிறார் அத்தான். பாரிஸில், லா ஷப்பலில் கடை வைத்திருப்பவர். விடுமுறைக்கும் பஞ்சாங்கத்தோடு வந்திருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“யாருக்காக நிற்கிறீர்கள்?” என்று படகோட்டி பிரெஞ்சில் கத்துகிறார்.

“ராகு என்று ஒருவர்” என்கிறேன் நான்.

“டிக்கெட் எடுத்திருக்கிறாரா?”

“இல்லை.”

“பிறகென்ன, ஏறுங்கள்!”

கடைசியில் அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். “ஓம், நாலரையாச்சு. வெளிக்கிடுவம்.”

கயிற்றை அவிழ்த்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது: இங்கே இன்னும் காலை. மனிதர் கடிகாரத்தைப் பாரிஸ் நேரத்திலிருந்து மாற்றவேயில்லை. இந்த ஊர் ராகுகாலம் பிற்பகல் மூன்று மணிக்கு. அப்போது நடுக்கடலில் இருப்போம்.

டிக்கெட் இல்லாமலே ஏறிக்கொள்வார்.