தறிச் சத்தத்தில் வந்த இங்கிலீஷ்

இந்தக் கோடையில் என் அண்ணன் மகளுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. முழுப் பொய். முதல் வாரம் முழுக்க நான் கத்தினேன், அவள் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அண்ணன் களம்பூரில் அரிசி ஆலைக்கு லாரி ஓட்டுகிறான். மகள் எட்டாவது வரை அங்கேயே தமிழில் படித்தவள். ஒன்பதாவதை ஆரணியில் இங்கிலீஷ் மீடியத்தில்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். யாரும் ஏற்றிவிட்ட ஆசை இல்லை, அவளுக்கே வந்தது. அண்ணனுக்கோ அந்தப் பேச்சை எடுத்தாலே ஆகாது. "நல்லாத்தான படிச்சிகினு இருக்குது, இன்னாத்துக்கு இந்த வேண்டாத வேல?" என்பான். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். ஆரணிப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை பிள்ளையிடம் இங்கிலீஷில் பேசிப் பார்ப்பார். அவர் சரி என்றால் சேர்க்கிறேன்; இல்லையென்றால் பழைய பள்ளிக்கூடம், மறுபேச்சு கூடாது. அவளும் தலையை ஆட்டிவிட்டு, சேவூரில் என் வீட்டில் வந்து இறங்கினாள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் சென்னையில் கால் சென்டரில் வேலை பார்த்தவள். இப்போது வீட்டில் இரண்டு பட்டுத்தறி. ஒன்றில் என் வீட்டுக்காரர், இன்னொன்றில் நான். நெய்த புடவையைப் போனில் காட்டி, பெங்களூர், ஐதராபாத் பெண்களிடம் இங்கிலீஷில் பேசி விற்பதும் நான்தான். அதனால் எங்கள் சொந்தத்தில் யாருக்கு இங்கிலீஷ் என்று ஒன்று தேவைப்பட்டாலும் என் தலையில்தான் கட்டுவார்கள்.

சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு அவளை எதிரே உட்காரவைப்பேன். ஒரு வார்த்தை சொல்வாள், திருத்துவேன். இன்னொன்று சொல்வாள், அதையும் திருத்துவேன். அதற்குப் பிறகு தரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். "வாயில இன்னா கொழுக்கட்டயா வச்சிகினு இருக்கற?" என்று நான் எகிறுவேன். "அது பேசறதுக்கு நீ எங்க எடம் வுடற?" என்பார் வீட்டுக்காரர். பிறகு அவர்மேல் பாய்வேன்.

பகலில் அவள் எனக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் பட்டு நூலைச் சுற்றுகிற வேலை அது. இரண்டு தறியும் ஓடினால் எங்கள் வீட்டில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஒருநாள் இழை அறுந்து நான் சட்டென்று நிறுத்தினேன். வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். பார்த்தால், எனக்குப் பின்னால் ஒரு குரல் இங்கிலீஷில் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. சாயம் போகாது மேடம், பியூர் சில்க் மேடம், நான் கேரண்டி மேடம் என்று, என்னுடைய இழுவையோடு, இல்லாத ஒரு பெங்களூர் அம்மாவிடம் புடவை விற்றுக்கொண்டிருந்தாள். நான் திரும்பியதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து நடக்குது இது?"

"தெனமும்தான் அத்த. தறி ஓடசொல்ல யாருக்கும் கேக்காதுல்ல."

"கேட்டா இன்னாவாம்?"

"நீங்க திருத்துவீங்க."

சுருக்கென்றது எனக்கு. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. நல்லவேளையாகச் சிரிப்பு முந்திக்கொண்டது.

அன்றைக்கே வீட்டுச் சட்டம் மாறியது. தறி ஓடினால் இங்கிலீஷ், நின்றால் தமிழ். என் கையும் காலும் தறியில் மாட்டிக்கொண்டிருக்கும், காதில் பாதிதான் விழும். இதில் நான் எதைத் திருத்துவது? "கேக்கல, சத்தமா சொல்லு!" என்று மட்டும் கூவுவேன். அவளும் கூவுவாள். தோழியோடு போட்ட சண்டை, மாமா குறட்டை விடுவது, களம்பூர் ஆலையில் நெல் வேகிற வாசனை, எல்லாம் இங்கிலீஷில் தொண்டை கிழிய வந்தன. தப்பும் தவறுமாகத்தான் வந்தன, ஆனால் நிற்காமல் வந்தன. ஒரு மத்தியானம் எதிர்வீட்டு அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். "இன்னாடி பேஜாரு இது? பச்சப் புள்ளகிட்ட போயி மல்லுக்கு நிக்கற, அதுவும் இங்கிலீசுல?" இது பாடம் என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. போகும்போது ஆறுதலாக அவள் கையில் ஒரு மாம்பழத்தைத் திணித்துவிட்டுப் போனார்.

பேசிப் பார்க்கிற நாளும் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். தலைமையாசிரியை பிள்ளையை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த நேரம் பார்த்தா கரண்ட் போக வேண்டும்? மின்விசிறியும் நின்று, ஈ பறந்தால் கேட்கிற அமைதி. அவர் ஏதோ கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். இல்லை. தறி இல்லாத இடத்தில் நான் அவளை ஒரு நாளாவது பேசவைத்திருக்கிறேனா? அண்ணன், "வா, போலாம்" என்று எழுந்தான்.

"குட் மார்னிங் மேடம்!"

தாழ்வாரமே அதிர்ந்தது. பக்கத்து அறையிலிருந்து குமாஸ்தா ஓடி வந்து எட்டிப் பார்த்தார். பாவம், அவளுக்கு இங்கிலீஷ் பேச ஒரே ஒரு சத்தம்தான் தெரியும். இரண்டு தறிக்கு மேலே எழும்புகிற சத்தம். அதை அப்படியே அந்த அறைக்குள் அவிழ்த்துவிட்டாள். பெயர், ஊர், அப்பாவின் லாரி, எல்லாம் தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அவர், எதற்காக இங்கிலீஷ் மீடியம் என்று கேட்டார். அவள் அதே சத்தத்தில் பதில் சொன்னாள்.

அண்ணன் என் கையைப் பிடித்தான். "ஃபாதர்னு சொல்லுச்சே. இன்னா சொல்லுது என்னப் பத்தி?"

"'எங்கப்பா பயப்படறாரு, எனக்கும் பயம்தான், ஆனா எனக்கு வேணும்'னு சொல்லுதுண்ணா."

பயமா, எனக்கா என்று துள்ளுவான் என்று நினைத்தேன். அவன் மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தான்.

"பயம்தாம்மா. லோடு ஏத்தசொல்ல நான் சும்மா குந்திகினுதான இருப்பேன்? அப்போ அதோட பழைய புஸ்தகத்த எடுத்துப் படிப்பேன். அது ஒண்ணு கேட்டா சொல்லணுமில்ல? இங்கிலீஷ்ல படிச்சா அப்புறம் நான் எங்கருந்து சொல்லுவேன்? எங்கிட்ட எதுவுமே கேக்காம பூடும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை மாதமும் அவனை வீம்புக்காரன் என்றல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!

தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். "தைரியமா பேசுது. சேத்துக்கலாம். சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க. அப்பாவுக்குச் சம்மதம்தானே?"

அண்ணன் எழுந்து நின்றான். "ஓகே மேடம்!" என்றான். அவன் போட்ட சத்தம் மகள் போட்டதைவிடப் பெரிது. "அப்பா, மெதுவா" என்று அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமலே, "புதுப் புஸ்தகம் குடுத்ததும் எனக்கும் சொல்லிக் குடு" என்றான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.