அக்காவின் செங்கல் சப்பாத்து

ஜப்பானில் பெண்பிள்ளைகள் எல்லோரும் ஆறடிக்குக் குறையாதவர்கள் என்றுதான் பத்து வயதில் நான் நம்பியிருந்தேன். ஆதாரம், நாங்கள் குடிவந்த நகரின் அஜின்கோர்ட் சீனக் கடைத்தொகுதியில் அக்கா வாங்கிவரும் ஜப்பானியச் சஞ்சிகைகள். தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் தலைமயிர், கணுக்காலில் சுருங்கிக் கிடக்கும் வெள்ளைக் காலுறை, கதவு நிலையில் முட்டுகிற உயரம். அந்த உயரத்தில் ஒரு பங்கு சப்பாத்தினுடையது என்பது, அக்காவும் ஒரு சோடி வாங்கி வந்தபோதுதான் விளங்கியது. முழங்கால்வரை நாடா. அடியில் செங்கல் தடிப்பு.

அப்போது அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்து நகரான பிறம்ரனில் சொந்த வீடு. சம்பந்தம் கொண்டுவந்த மாமி, "அவையள் உயரமான பொம்பிளைதான் கேக்கினம்" என்று தொலைபேசியில் சொன்னது என் காதிலும் விழுந்துவிட்டது. எங்கள் அக்காவோ மேல்தட்டுச் சீனிப் போத்தலை எடுக்கக் கதிரை இழுக்கிறவள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளைகூட அவ்வளவு பதறியிருக்க மாட்டார்.

பெண் பார்க்க வந்தார்கள். எல்லாருடைய காலணியும் வாசலில் கிடக்க, அக்கா மட்டும் சேலையும் செங்கல் சப்பாத்துமாகக் கம்பளத்தில் நடந்து வந்து நின்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பாவம், குள்ளத்தை மறைக்கிறாள்!

"என்ன பிள்ளை, வீட்டுக்குள்ள சப்பாத்து?" என்றார் மாப்பிள்ளையின் தாய். "கழட்டிப்போட்டு வந்து இருமன்."

"இது ஜப்பான் ஸ்ரைல், அன்ரி. கழட்டுறேல்லை."

"கழட்டடி!" என்று அம்மா பல்லைக் கடித்தார்.

கழற்றினால் அக்கா எல்லார் கண்முன்னாலும் ஒரு சாண் இறங்கிவிடுவாள். கலியாணம் போச்சு. பாய்ந்துபோய் அவளுக்கு முன்னால் நின்றேன்.

"வேண்டாம் அன்ரி! அக்காவுக்குக் கால் அழுகிப்போச்சு. கழட்டினா நாறும்!"

மாப்பிள்ளை வாயருகே கொண்டுபோன வடையை மெல்லத் தட்டில் திரும்ப வைத்தார். அவருடைய தாய்க்குத் திடீரென்று நெடுஞ்சாலை நெரிசல் நினைவுக்கு வந்தது. தேத்தண்ணி ஆற முதல் வாசல் வெறுமையாகிவிட்டது.

நான் குளியலறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டேன். அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்த பாவி நான்தான் என்று அழுதேன். வெளியே அம்மா என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. அக்கா.

"டேய், வெளியில வாடா. பீட்சா வாங்கித் தாறன்."

"கோவமில்லையா?"

"சீ! பெரிய பீட்சாவே வாங்குவம்."

என்ன பெரிய மனசு என்று நினைத்து இன்னும் கூடுதலாக அழுதேன்.

ஜப்பானியரும் வீட்டுக்குள் வரும்போது சப்பாத்தைக் கழற்றிவிடுவார்கள் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அத்தனை சஞ்சிகை பார்த்த அக்காவுக்கு அது நன்றாகவே தெரியும். அந்தக் கலியாணம் அவளுக்கு வேண்டாம். வாயால் சொன்னபோது வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் சப்பாத்தோடு வந்து நின்றாள்.