கல்யாணத்தில் நான் சொன்ன பதில்

பொழிச்சலூர் சர்ச்சில் எனக்குக் கல்யாணம். போதகர் கேட்கும்போது "சம்மதிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதையே ஒரு வாரம் ஆபீஸ் பஸ்ஸில் முணுமுணுத்துப் பழகினேன். "எதுக்கு சார் சம்மதிக்கிறீங்க?" என்று பக்கத்து சீட்காரர் கேட்டேவிட்டார்.

அன்றைக்குப் பீடத்தின் முன்னால் நின்றதும் பழகியதெல்லாம் மறந்துபோயிற்று. போதகர் என் முழுப் பெயரைச் சொல்லி நீளமாக ஏதோ கேட்டார். பெயர் மட்டும்தான் என் காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கத்துகிற மாதிரி, "உள்ளேன் ஐயா!" என்று கத்தினேன்.

சர்ச்சே சிரித்தது.

"இருக்கிறது தெரியுது தம்பி. சம்மதமா?" என்றார் போதகர்.

"சம்மதிக்கிறேன்" என்று மூன்று தடவை சொன்னேன்.

அடுத்து மணப்பெண்ணைக் கேட்டார். அவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாயால சொல்லணும்மா" என்று அவர் கெஞ்சினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவழியாகச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.