தரை தொடும் சில்லு

என் தங்கையின் கணவன் மாடு வளர்த்தவன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். தங்கையைக் கட்டுவதற்கு முன்பும் அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், கட்டிய பிறகும் அதே முறைதான். அவனிடம் நூறுக்குக் கிட்ட மாடுகள் நின்றன. மாரிகாலப் போகமான பெரும்போகத்துக்கு வயல் வட்டையில் விதைப்புத் தொடங்கிவிட்டால் மாடுகள் வயல் பக்கம் நிற்கக் கூடாது. பட்டிகளை எல்லாம் மேற்கே, காட்டோரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். மச்சானும் அங்கே ஒரு கொட்டில் போட்டுத் தங்கிவிடுவான்.

அங்கிருந்து பாலை எடுத்து வருவது என் பொறுப்பு. வவுணதீவில் எனக்கு ஒரு பட்டறை உண்டு. அதில் ஒரு லேத் மெசின், ஒரு வெல்டிங் பிளான்ட், ஒரு பழைய டீசல் ஜீப். விடிந்ததும் ஜீப்பில் போய்ப் பால் கான்களை ஏற்றி வந்து, சேகரிக்கும் இடத்தில் இறக்கிவிட்டுத்தான் பட்டறையைத் திறப்பேன்.

ஜீப்பின் குறை அதன் முன்பக்கத்தில் இருந்தது. முன் அக்சிலைத் தாங்கும் ஸ்பிரிங் தகடுகள் விறைத்துப்போனவை, மேலும் கீழும் அசையவே அசையாது. மேய்ச்சல் தரைக்குப் போகும் பாதையோ உழவு மெசின்கள் கிழித்துப்போட்ட பாதை. ஒரு பக்கம் முழங்கால் ஆழத்துக்குத் தடம், மறுபக்கம் வேரும் மேடும். வலது பக்கச் சக்கரம், எங்கள் பேச்சில் சில்லு, மேட்டில் ஏறினால் இடது சில்லு பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். இறங்காது. காற்றில் தொங்கும். தொங்குகிற சில்லுக்கே இஞ்சினின் வலு முழுவதும் போய்விடும். அது சும்மா சுற்றிக்கொண்டிருக்க, தரையில் நிற்கிற சில்லு அசையாமல் நிற்கும்.

பாதை மோசமாகும் இடத்துக்கு மச்சான் ஒவ்வொரு காலையும் நடந்து வந்து ஏறுவான், திரும்பும்போதும் அந்த இடம் தாண்டும் வரைக்கும் என்னோடு வருவான். சில்லு தொங்கியதும் குதித்து இறங்கி, தொங்கும் பக்கத்து பம்பரில் ஏறி நின்று குலுக்குவான். அவன் பாரத்துக்குச் சில்லு ஒரு நொடி தரையைத் தொடும். அந்த நொடியில் நான் எடுத்துவிட வேண்டும்.

“நீ இன்னும் கொஞ்சம் சோறு தின்னோணும்டா. உன்ர பாரம் காணாது.”

“உன்ர தங்கச்சி போட்டாத்தானே தின்னுறதுக்கு.”

தினமும் இதே பேச்சு, தினமும் சிரிப்பு.

ஐப்பசியில் முதல் மழை விழுந்து பாதை இளகிய ஒரு காலையில், அவன் பம்பரில் நின்று குலுக்கும்போது சில்லு எதிர்பாராமல் கவ்விப் பிடித்தது. ஜீப் ஒரு துள்ளுத் துள்ளியது. மச்சான் முன்னால் விழுந்தான். நான் பிரேக்கை மிதித்துச் சில்லு நின்ற இடத்துக்கும் அவன் முழங்காலுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. சில்லு ஏறவில்லை. ஆனால் விழுந்த வேகத்தில் முழங்கால் கல்லில் அடித்து வீங்கிவிட்டது. அவனைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, நான் தனியே சிக்கிச் சிக்கி வந்து சேர மத்தியானமாகிவிட்டது. பால் திரைந்துபோய்விட்டது.

அன்று பின்னேரமே முன்பக்கத்தை மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். மச்சானின் முழங்காலுக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஜீப்களைப் பாறைகளில் ஏற்றுகிற வீடியோக்களைப் பல மாதமாகப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சில்லு ஆளுயரத்துக்கு மேலே ஏறி நிற்கும், மற்றது கிடங்குக்குள் இறங்கி நிற்கும், வண்டியின் உடம்பு மட்டும் சரியாமல் இருக்கும். அதை என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் ஊறிக் கிடந்தது.

பழைய வாகனப் பாகங்கள் வாங்க நான் போவது ஏறாவூரில் இருக்கும் ஒரு காக்காவிடம், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். உடைத்துப்போட்ட ஒரு வாகனத்திலிருந்து நீளமான, மெல்லிய ஸ்பிரிங் தகடுகளை அவரே தேடி எடுத்துத் தந்தார். தந்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

“தம்பி, இது ரெண்டு நாள் வேல எண்டு நினைக்காதீங்க. ஒண்ட மாத்தினா இன்னொண்டு இழுக்கும். மாரி முடியட்டும். தையில செய்வம்.”

மச்சானும் போனில் அதையேதான் சொன்னான். “என்ர முழங்கால் ஆறிற்று மச்சான். மாரியோட ஜீப்பக் கழட்டாத.”

“நாலு நாள். நாலே நாள்ல தாறன்” என்றேன். அந்த நாலு நாளும் பால் எடுக்க அடுத்த பட்டிக்காரரின் மோட்டார் சைக்கிளை ஒழுங்குசெய்து கொடுத்துவிட்டு, ஜீப்பை மரக்கட்டைகளில் ஏற்றி முன்சில்லுகளைக் கழற்றினேன்.

காக்கா சொன்னது சரியாகவே நடந்தது. புதிய தகடுகள் நீளம் என்பதால் அவற்றைப் பிடிக்கும் தாங்கிகளைச் செஸிச் சட்டத்தில் முன்னால் தள்ளி வெல்ட் பண்ண வேண்டியிருந்தது. தகட்டின் நுனியிலுள்ள கண்ணுக்குப் பழைய ஊசி பொருந்தவில்லை, லேத்தில் புதிதாகக் கடைந்தேன். இரண்டு பக்கத்தையும் பிணைத்து வைத்திருக்கும் வளைந்த கம்பியைக் கழற்றி எறிந்தேன். சில்லு கீழே இறங்கத் தொடங்கியதும் ஷொக் அப்சோபர் நீளம் போதவில்லை, அதன் மேல்பிடியை உயர்த்தினேன். பிறகு இஞ்சினின் வலுவை முன் அக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டின் நீளம் போதவில்லை. நாலு நாள் எட்டு நாளானது. எனக்கு அது பெரிதாகவே தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் ஜக்கை வைத்து ஒரு பக்கத்தை உயர்த்தி, மறுபக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பேன். நேற்றைவிட இரண்டு விரல் கூடுதலாக இறங்கினால் சந்தோஷமாக இருக்கும். சோறு கொண்டுவரும் தங்கையிடமும் காட்டுவேன்.

ஒன்பதாம் நாள் வானம் இருண்டு காற்று எழுந்தது. எங்கள் பகுதியில் மாரி மழை புதிதல்ல. ஆனால் அந்த மழையோடு ஒரு குளிர் வந்தது. நான் பிறந்த நாளிலிருந்து அப்படி ஒரு குளிரை அறிந்ததில்லை. மதியம் போல மச்சான் போன் எடுத்தான். மேய்ச்சல் தரையில் ஒரு கல்லுக்கு மேலே ஏறி நின்றால்தான் போன் வேலைசெய்யும். காற்றின் இரைச்சலுக்குள் அவன் குரல் விட்டுவிட்டு வந்தது.

“கேக்குதா மச்சான்? கண்டுகள் நிண்டு நடுங்குது. தாய்மாடும் படுக்கத் தொடங்கிற்று. மோட்டச்சைக்கிள்காரன் வரமாட்டானாம். ஜீப்பக் கொண்டு வா, கண்டுகள மட்டுமெண்டாலும் ஏத்தி எடுப்பம்.”

“முன்பக்கம் கழண்டு கிடக்குடா.”

“இன்னும் முடியல்லியா?”

“பின்னேரம் முடிச்சிருவன். நாளைக்கு விடிய அங்க நிப்பன்.”

“நாளைக்கோ” என்றான். ஏச்சு இல்லை, கோபமும் இல்லை. நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான்.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அந்த நேரத்தில் பாதையிலும், வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த பாலமான தாம்போதியிலும் தண்ணீர் ஏறவில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு பேரிடம் உழவு மெசின் இருந்தது. நடந்துபோய்க் கேட்டிருந்தால் யாராவது ஒருவர் மெசினில் இழுவைப் பெட்டியைக் கொழுவிக்கொண்டு வந்திருப்பார். நான் போகவில்லை. பின்னேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று நம்பினேன். என் ஜீப்பிலேயே போக வேண்டும் என்றும் நினைத்தேன்.

பின்னேரம் சில்லுகளைப் பூட்டி ஜக்கில் ஏற்றிப் பார்த்தபோது, இடது சில்லு அதன் முழு ஆழத்துக்கு இறங்கியதும் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ் நரம்பு போல இழுபட்டு நின்றது. அப்படியே ஓடினால் முதல் பள்ளத்திலேயே அறுந்துவிடும். காக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். நீளமான ஹோஸ் தேடி நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார்.

மறுநாள் காலையில்தான் உழவு மெசின்காரரிடம் போனேன். அவர் வாசலில் நின்று என்னைப் பாவமாகப் பார்த்தார். “நேத்துக் கேட்டிருந்தா விட்டிருப்பனே. இப்ப தாம்போதிக்கு மேலால இடுப்பளவு பாயுது. மெசினையே அடிச்சிற்றுப் போயிரும்.”

மச்சானின் போன் அதற்குள் செத்துவிட்டிருந்தது.

மதியம் காக்கா கொட்டும் மழைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹோஸை மழைக்கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். தேத்தண்ணீர் குடிக்கவும் நிற்கவில்லை. “போய்ப் பாருங்க தம்பி. அல்லாஹ் உசிரோட வெச்சிருப்பான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ஹோஸைப் பூட்டியதும் குழாயில் நிற்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டும், அதற்கு ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். தங்கை ஏறி உட்கார்ந்தாள். நான் சில்லுக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் படுத்துக்கிடந்தேன்.

“மிதி. இன்னும் மிதி. பிடி.”

“பிடிச்சிற்றன்.”

“விடு.”

பத்துப் பதினைந்து முறை மிதித்திருப்பாள். பிறகு மேலேயிருந்து கேட்டாள். “அண்ணே, நேத்து அவர் எடுக்கக்குள்ள நீ என்ன சொன்னாய்?”

“நாளைக்கு வாறன் எண்டன்.”

“இண்டைக்குத்தானே அந்த நாளை” என்றாள். நான் மறுபடியும் மிதிக்கச் சொன்னேன்.

தாம்போதியில் தண்ணீர் இறங்க அடுத்த நாள் காலையாகிவிட்டது. தார்ப்பாய்ப் படங்கு, சாக்கு, வைக்கோல், ஒரு போத்தல் தேத்தண்ணீர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நானும் தங்கையும் புறப்பட்டோம். தண்ணீர் முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. மெல்லக் கடந்தோம். அதன் பிறகு அந்தப் பாதை.

நான் மறைக்காமல் எழுத வேண்டும். ஜீப் மிகவும் நன்றாக ஓடியது. எப்போதும் தொங்கும் இடத்தில் வலது சில்லு வேரின் மேல் ஏற, இடது சில்லு தானாகக் கீழே போய்த் தடத்தின் அடியைத் தேடித் தொட்டது. உடம்பு சரியவில்லை. பம்பரில் யாரும் ஏறி நிற்கத் தேவையில்லை. தங்கையின் மடியிலிருந்த தேத்தண்ணீர்ப் போத்தல்கூட ஆடவில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. அடக்க முடியாமல் அவள் பக்கம் திரும்பி, “பாத்தியா?” என்று கேட்டேன்.

அவள் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பட்டி கிட்ட வரும்போது கேட்க வேண்டிய சத்தங்கள் கேட்கவில்லை. மேய்ச்சல் வெளியில் ஏறியதும் தெரிந்தது. மாடுகள் படுத்துக் கிடந்தன. தூரத்திலிருந்து அசைபோடுவது போலத்தான் தோன்றியது. கிட்டப் போனால் கண் திறந்திருந்தது, மழைத் தண்ணீர் கண்ணுக்குள் நின்றது. சில மாடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்து அப்படியே போயிருந்தன. ஆங்காங்கே ஒன்றிரண்டு எழுந்து நின்றன, தலையைக் கூடத் தூக்கவில்லை.

கன்றுகளை மச்சான் கொட்டிலுக்குள் சேர்த்துவைத்திருந்தான். கொட்டிலின் படங்கைக் கழற்றி அவற்றின் மேல் போட்டிருந்தான். தன் போர்வை, சாரங்கள், வெற்றுச் சாக்குகள் எல்லாவற்றையும் போட்டிருந்தான். தான் ஒரு காற்சட்டையோடு நடுவில் உட்கார்ந்து, ஒரு கன்றின் கழுத்தைத் தன் வயிற்றோடு அணைத்து வைத்திருந்தான். அது இறந்து நேரமாகியிருந்தது. உயிரோடு இருந்தவை மூன்று.

தங்கை ஓடிப்போய் அவன் தோளில் சாக்கைப் போர்த்தினாள். தேத்தண்ணீரை வாயருகே பிடித்தாள். அவன் பற்கள் போத்தலில் அடித்துச் சத்தம் கேட்டது. இரண்டு வாய் குடித்த பிறகுதான் என்னைப் பார்த்தான்.

“வந்திட்டியா” என்றான்.

அவன் பார்வை என்னைக் கடந்து ஜீப்புக்குப் போனது. அவசரத்தில் ஒரு குழியோரம் நிறுத்தியிருந்தேன். இடது முன்சில்லு குழிக்குள் இறங்கி நின்றது, ஜீப் சமனாக நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“நல்லா இறங்குது” என்றான்.

குத்திக்காட்ட அவன் சொல்லவில்லை. எனக்கு அவனைத் தெரியும். அதனால்தான் அந்தச் சொல் இன்னும் என்னை விடவில்லை.

உயிரோடு இருந்த மூன்று கன்றுகளையும் ஏற்றினோம். வழியில் ஒன்று போய்விட்டது. அடுத்த சில நாட்கள் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். எல்லாப் பட்டிகளிலும் இதே கதிதான். கால்நடை வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, குளிர் தாங்காமல் பெரிய மாடுகளே செத்திருக்கின்றன, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார். சனங்களும் அதையே சொன்னார்கள். ஆனால் நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஜீப்பில் ஒரு தடவைக்கு ஏழு கன்று ஏற்றலாம். மச்சான் போன் எடுத்த மதியத்திலிருந்து தாம்போதியில் தண்ணீர் ஏறும்வரை இரண்டு தடவை போய் வந்திருக்கலாம், அந்த விறைத்த ஸ்பிரிங்கோடு, மச்சான் பம்பரில் ஏறி நின்று குலுக்கினால். அந்தக் கணக்கு மாறுவதே இல்லை.

தங்கை பல மாதம் கழித்து ஒரே ஒரு முறை அதைப் பற்றிப் பேசினாள். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள். “ஜீப் கழண்டு கிடந்ததக் கூட மறந்திருவன் அண்ணே. போற வழியில என்னப் பாத்துப் ‘பாத்தியா’ எண்டு கேட்டியே. அத என்னால மறக்க ஏலாம கிடக்கு.” நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகும் அவள் எனக்குச் சோறு போடுகிறாள், காய்ச்சல் வந்தால் வந்து பார்க்கிறாள்.

மிஞ்சிய மாடுகளை மச்சான் விற்றுவிட்டான். விற்ற அன்று பட்டிக்கம்புகளைப் பிடுங்கி அடுக்கிவைத்துவிட்டு வந்தான். பிறகு கட்டாருக்குப் போனான், ஒரு கட்டடத்தில் காவல் வேலை. விமான நிலையத்துக்குப் போக மட்டக்களப்பில் பஸ் ஏற்றிவிட்டது நான்தான். “தங்கச்சியப் பாத்துக்கொள்” என்றான்.

அந்த ஜீப்பின் கதை எப்படியோ வெளியே பரவிவிட்டது. மாடுகளின் கதை அல்ல, முன்பக்கத்தின் கதை. கொழும்பிலிருந்து விடுமுறைக்குக் காடு பார்க்க வருகிறவர்கள் பட்டறையைத் தேடி வந்தார்கள். குனிந்து பார்த்து, படம் எடுத்து, தங்களுக்கும் இப்படியே செய்து தரச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் செய்துகொடுத்தேன். இப்போது அதுவே என் தொழிலாகிவிட்டது. வேலை முடிந்து சில்லு முழு ஆழத்துக்கு இறங்கும்போது அவர்கள் கைதட்டுகிறார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

மச்சான் வெள்ளிக்கிழமைகளில் எடுப்பான். தங்கையோடு பேசி முடித்துவிட்டு என்னிடம் தரச் சொல்வான். போன வெள்ளியும் எடுத்தான்.

“அங்க மழையா மச்சான்?”

“ஓம். மூண்டு நாளாப் பெய்யுது.”

“குளிரோ?”

“இல்லடா. சும்மா மழைதான்.”

அவன் பக்கத்தில் ஏதோ ஒரு வாகனம் பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது. கேற் திறக்க வேண்டும், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டான்.