மைனஸ் எழுபது நாணயங்கள்

திருநெல்வேலி டவுணில், ரத வீதி அல்வாக் கடை ஒன்றில் கல்லாவில் உட்காருகிறவள் நான். சில்லறை விஷயத்தில் என்னை ஏமாற்ற இன்னொருத்தி பிறந்துதான் வர வேண்டும். அப்படிப்பட்டவளைப் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கவிழ்த்தார்கள் என்றால் எனக்குக் கோபம் வருமா, வராதா? முதல் முறை தாவணி போட்ட வயதில். அடுத்த முறை, பிள்ளைகள் வளர்ந்த பிறகு, தனித்தேர்வராக.

இந்த வயதில் எதற்கு என்று வீட்டுக்காரர் உட்படக் கேட்காத ஆளில்லை. காரணம் தீபாவளிதான். அல்வாக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு ஏது தீபாவளி? ஊரே எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நேரத்தில் நான் கல்லாவில் கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பேன். என் பிள்ளைகள் புதுத்துணி உடுத்தி நிற்பதை போனில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் இடம் காலியாகப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும். வயது வரம்பும் உண்டு. இந்த வருஷம் விட்டால் எனக்கு அது தாண்டிவிடும். மற்ற பாடமெல்லாம் எப்போதோ தேறிவிட்டேன். கணக்கு ஒன்றுதான் குறுக்கே படுத்துக் கிடந்தது.

ஜங்ஷன் பக்கம் ஒரு டுடோரியலில் சேர்ந்தேன். காலையில் வகுப்பு, அப்படியே பஸ் பிடித்துக் கடை. டீச்சர் என்னைவிடப் பல வயது இளையவள். என்னை அக்கா என்பாள், நான் அவளை டீச்சர் என்பேன். ஒரு நாள் கரும்பலகையில் இந்தக் கணக்கை எழுதிப் போட்டாள். ஒரு பையில் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்கள் மொத்தம் நாற்பது இருக்கின்றன. அவற்றின் மதிப்பு நூற்று இருபத்தைந்து ரூபாய். ஒவ்வொன்றிலும் எத்தனை?

நாணயக் கணக்கா, இது நம்ம வீட்டுக் கணக்கல்லவா என்று நான்தான் முதலில் பேனாவைத் திறந்தேன். இரண்டு ரூபாயை x என்றும் ஐந்து ரூபாயை y என்றும் வைத்தேன். x + y = 125 என்று எழுதினேன். 2x + 5y = 40 என்று அடுத்த வரி. கூட்டிக் கழித்து விடையும் கொண்டுவந்துவிட்டேன்.

டீச்சர் என் நோட்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தே விட்டாள். "என்னக்கா இது, மைனஸ் எழுபது நாணயமா? யாருக்குக் கடன் குடுத்திய?"

வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் பிறகு தணிந்த குரலில், "இதை விட்டிருங்கக்கா. வரைபடமும் செய்முறை வடிவியலும் ஒழுங்காப் போட்டாலே பாதி ஆத்தைத் தாண்டிரலாம்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. நாளெல்லாம் நாணயத்தில் புரள்கிறவளை நாணயக் கணக்கை விடச் சொன்னால்?

"விட மாட்டேன் டீச்சர். இதைப் போட்டுட்டுத்தான் மத்தது" என்றேன்.

அன்று மத்தியானம் கடையில் கூட்டமில்லை. சில்லறையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கடையில் நூறு நூறு ரூபாயாகக் கட்டி வைப்பதுதான் வழக்கம். முதலாளி எட்டிப் பார்த்து, "ரெண்டு ரூவா எவ்வளவு கெடக்கு?" என்றார்.

"முந்நூறு, அண்ணாச்சி."

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. முந்நூறு என்றது ரூபாயை; நாணயத்தை அல்ல. இத்தனை வருஷமும் இரண்டு ரூபாய் என்றால் எனக்குப் பொட்டலம்தான், பணம்தான். வகுப்பிலும் என் x பணமாகவே உட்கார்ந்திருக்கிறது. x + y = 125 தப்பே இல்லை. அடுத்த வரியில்தான் வழுக்கியிருக்கிறேன். நூறு ரூபாய்ப் பொட்டலத்தில் இரண்டு ரூபாய் நாணயம் ஐம்பது இருக்கும், ஐந்து ரூபாய் என்றால் இருபது. பணத்திலிருந்து எண்ணிக்கைக்குப் போக வகுக்க வேண்டும். நான் பெருக்கித் தொலைத்திருக்கிறேன்.

பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினேன். x/2 + y/5 = 40. இரண்டு ரூபாயில் ஐம்பது ரூபாய், ஐந்து ரூபாயில் எழுபத்தைந்து ரூபாய். அதாவது இருபத்தைந்து நாணயம், பதினைந்து நாணயம். கூட்டினால் நாற்பது. கல்லாவிலிருந்து அத்தனையையும் எடுத்து மேசையில் பரப்பி எண்ணியும் பார்த்தேன்.

மறுநாள் டீச்சர் அதை இரண்டு தடவை படித்தாள். "விடை சரிதான். ஆனா எல்லாரும் எண்ணிக்கையைத்தான் xனு வைப்பாங்க. திருத்துறவங்க அவசரத்துல அடிச்சிட்டா என்ன செய்யுவிய? புத்தகத்துல உள்ள மாதிரியே பழகிக்கிடுங்க."

பழகினேன். ஒவ்வொரு கணக்கையும் இரண்டு வழியிலும் போட்டேன். புத்தக வழியில் பத்துக்கு நான்கு கவிழ்ந்தது. பொட்டல வழியில் ஒன்றுகூடக் கவிழவில்லை.

தேர்வில் கட்டாய வினாவாக நாணயக் கணக்கே வந்து நின்றது. ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும். பத்து ரூபாய் நாணயத்தை எங்கள் ஊரில் பாதிக் கடைகளில் கையில் வாங்கவே மாட்டார்கள். வினாத்தாளில் வந்தால் என்ன செய்ய, வாங்கித்தானே ஆக வேண்டும். டீச்சர் சொன்னது நினைவில் வந்து கொஞ்ச நேரம் பேனா ஓடவில்லை. பிறகு துணிந்து, ஐந்து ரூபாய் நாணயங்களின் மொத்த மதிப்பு x ரூபாய் என்க, என்று முதல் வரியை எழுதி, 'மொத்த மதிப்பு' என்பதன் கீழே அடிக்கோடும் போட்டேன். திருத்துகிறவர் யாராயிருந்தாலும் அதைத் தாண்டிப் போக முடியாது.

முடிவு வந்தபோது கல்லாவில்தான் இருந்தேன், சாயங்காலக் கூட்டத்துக்கு நடுவில். டீச்சர் போனில் கத்தினாள். "அக்கா, முப்பத்தெட்டு! பாஸ்!"

முப்பத்தைந்து எடுத்தால் போதும். நாணயக் கணக்குக்கு ஐந்து. அதைக் கழித்துப் பார்த்தேன், முப்பத்து மூன்று. அத்தனை பேர் பார்க்க அழுதுவிட்டேன். "யக்கா, மீதி தாங்க, பஸ் போயிரும்" என்று ஒருவர் சத்தம் போட, கண்ணைத் துடைத்துக்கொண்டே கொடுத்தேன்.

கடை அடைக்கும்போது கணக்குப் பார்த்தால் எழுபது ரூபாய் குறைந்தது. கல்லாவில் நான் உட்கார்ந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. முதலாளி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மைனஸ் எழுபது, அண்ணாச்சி. என் கையிலருந்து போடுதேன்" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்தத் தீபாவளிக்கு வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."