ரஞ்சனி அக்கா திருப்பிய பக்கம்

ரஞ்சனி அக்கா வீட்டுக்கு யார் போனாலும் முதலில் கேக் வரும், பின்னால் ஷரோன் வருவாள். தலை இழுத்துக் கட்டி, நல்ல சட்டை போட்டு, வரவேற்பறையின் நடுவில் நிறுத்திவைத்து, "அன்ரிக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்பார் அக்கா. பிள்ளை பாடும். வந்தவர்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டவேண்டும். நம் சனத்தின் வழக்கம் இது. பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் பிள்ளை ஒரு குறையும் இல்லாமல் நிற்கவேண்டும். சின்ன வயதில் என்னையும் இப்படி நிறுத்தியிருக்கிறார்கள், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் ஒரு பிள்ளையின் படிப்புக்கே இந்த வழக்கம் உலை வைக்கப் பார்க்கும் என்று நான் நினைத்ததில்லை.

அக்காவின் முழுப்பெயர் மரியரஞ்சனி. மன்னாரில் பிறந்தவர். பேருந்து ஓட்டும் றெஜினோல்ட் அண்ணையைக் கட்டி ஒஸ்லோவுக்கு வந்தவர். ஐந்தாம் இலக்க மெட்ரோ முடிகிற வெஸ்ட்லியில், உயரமான மாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருக்கிறார்கள். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவரும் நானும் ஒன்றாக வேலை செய்கிறோம். நான் இங்கேயே படித்து வளர்ந்தவள், கோபம் மூக்கு நுனியில். அக்காவோ யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்லமாட்டார். தலைமைச் சமையற்காரன் கத்தினால், "பாவம் தனு, அந்த மனிசனுக்கு நித்திரை இல்லைப்போல" என்பார். ஒருநாள் கொதிக்கிற சூப் கையில் ஊற்றுப்பட்டது. வேலை முடியுமட்டும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டு, வீங்கிய கையாலேயே உருளைக்கிழங்கு அவித்து இறக்கினார். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

இப்படிப்பட்ட மனுசிக்கு ஷரோன் ஒரே பிள்ளை. ஒன்பது வயது. காதால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்வாள். மாதா கோயிலில் பூசை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் எழுத்து மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. வகுப்புப் பிள்ளைகள் கதைப் புத்தகம் வாசிக்கிற வயதில், இவளுக்கு ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் கண் கலங்கிவிடும். பள்ளியில் சோதித்துப் பார்த்து, விசேட ஆசிரியை ஒருத்தி தனியாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று எழுத்தில் தீர்மானித்தார்கள். அந்த ஆசிரியை யூலியா. அவள் ஷரோனைச் சின்ன அறைக்குக் கூட்டிப்போய், மாவில் எழுத்து உருட்டி, தரையில் எழுத்து வரைந்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் மெட்ரோ வந்து நின்றதும், அதன் நெற்றியில் இருந்த ஊர்ப்பெயரை ஷரோன் தானாகக் கூட்டி வாசித்திருக்கிறாள். மறுநாள் சமையலறையில் அதைச் சொல்லி அக்கா அழுதார். நானும் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஆசிரியர்கள் மாறி மாறிக் காய்ச்சலில் படுத்தார்கள். படுத்தவருடைய வகுப்புக்கு விக்காராக, அதாவது பதில் ஆசிரியையாக, யூலியாவை அனுப்பினார்கள். நாளைக்கு வருவாள், அடுத்த கிழமை வருவாள் என்று இழுபட்டு, கடைசியில் ஷரோன் வகுப்பின் கடைசி இருக்கையான பின்வாங்கில் இருந்தபடி படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். காலையில் எழும்பினால் வயிற்றுக்குத்து என்றாள். கற்றதெல்லாம் கழன்று போய்க்கொண்டிருந்தது. "போய்க் கேளுங்கோ அக்கா" என்று நான் கத்தினேன்.

"றீச்சர்மாரைப் பற்றி மேலிடத்திலை கோள் சொல்லுறதோ? பிறகு பிள்ளையை நல்லாப் பாப்பினமோ?" என்றார் அவர்.

அப்போதுதான் நகரசபை அந்தப் பள்ளிக்கு மேற்பார்வைக்கு வருவதாகச் செய்தி வந்தது. விசேட உதவி என்று தீர்மானித்த பிள்ளைகளுக்கு அது உண்மையில் கிடைக்கிறதா என்று பார்ப்பார்களாம். சில பெற்றோரையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பேசுவார்களாம். அதில் ஷரோனும் ஒருத்தி. எனக்குக் கடவுளே கதவைத் தட்டியது மாதிரி இருந்தது. அக்கா மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றுவிட்டார். வருகிற தமிழர் கட்டாயம் தெரிந்தவராக இருப்பார், ஞாயிறு பூசைக்கு முன்னமே கதை கோயிலுக்குப் போய்விடும் என்ற பயம். அண்ணைக்கு வேலை. அதனால் துணைக்கு நான் போவதென்று முடிவாயிற்று.

அன்று காலை அவர்களைக் கூட்டிப்போக வீட்டுக்குப் போனேன். உள்ளே ஷரோன் நோர்வேஜிய மொழியில் தடங்கலில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு நரி ஆற்றைக் கடக்கிற கதை. எனக்கு மெய்சிலிர்த்தது. எட்டிப் பார்த்தேன். அக்கா கேக்கை வெட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை எதிரே இருந்தாள். புத்தகம் மேசையில் மூடிக் கிடந்தது.

"அக்கா, இது என்ன வேலை?"

"வகுப்பிலை இப்ப நடக்கிற பக்கம் தனு. நானே எழுத்துக்கூட்டி வாசிச்சு வாசிச்சுப் பாடமாக்கிக் குடுத்தனான். எப்பிடிச் சொல்லுறாள் பாத்தியோ?"

"அவை வாறது பிள்ளைக்கு உதவி கிடைக்குதோ எண்டு பாக்க. நீங்கள் பாட்டுப் பாடிக் காட்டப் போறியளோ?"

"அதுக்காக வாற ஆக்களுக்கு முன்னாலை என்ரை பிள்ளை முழிச்சுக்கொண்டு நிக்கிறதோ?" என்றார். ஷரோன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளைக்கு முன்னால் சண்டை வேண்டாம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

நகரசபையிலிருந்து வந்தவர் பெயர் டானியல். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசினார். பக்கத்தில் பள்ளியின் ரெக்டர், அதாவது தலைமையாசிரியை, அழகாக உடுத்திய அம்மா. அவரை அங்கே இருத்தியிருக்கவே கூடாது, ஆனால் டானியல் கேட்டபோது, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொன்னவர் எங்கள் அக்காதான். கேக் பெட்டியை மேசையில் வைத்தார். வேலைநேரத்தில் எதுவும் வாங்கக்கூடாது என்று டானியல் சிரித்தபடி அதை எங்கள் பக்கமே தள்ளிவிட்டார்.

ஷரோனுக்குத் தீர்மானித்த நேரம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்டார். அக்கா ரெக்டரைப் பார்த்தார். "எல்லாம் நல்லது" என்றார். யூலியா வருகிறாரா? "நல்ல ஆசிரியை. மிகவும் நல்லவர்." பள்ளியில் ஏதாவது குறை? "இல்லை, எல்லாரும் நல்லவர்கள்." நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். பொறுக்கமுடியாமல் நான் வாயைத் திறந்தேன். முதலில் தாய் பேசட்டும் என்று டானியல் கையைக் காட்டினார்.

பிறகு அவர் ஷரோன் பக்கம் திரும்பி, உனக்குப் பிடித்த எதையாவது வாசித்துக் காட்டுவாயா என்று கேட்டார். ஷரோன் புத்தகத்தை எடுத்து நரியின் பக்கத்தை விரித்தாள். வாசித்தாள். விரல்கூட வரியோடு ஓடியது, அதையும் அக்கா பழக்கியிருந்தார். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்விக்குக் குரலை உயர்த்தி, அப்படி ஒரு வாசிப்பு. டானியலின் முகம் மலர்ந்தது. அக்காவின் முகமும் மலர்ந்ததைக் கண்டேன். அந்த நேரத்தில் அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

"பார்த்தீர்களா?" என்றார் ரெக்டர். "இந்தக் குளிர்காலத்தில் யூலியாவை வேறு வகுப்புகளுக்கும் அனுப்பவேண்டி வந்தது. ஆனாலும் பிள்ளை நன்றாக முன்னேறியிருக்கிறாள்."

டானியல் தலையாட்டினார். "அப்படியானால் இந்தத் தனி நேரம் இனியும் தேவையா என்று மறுபடி சோதித்துப் பார்க்கலாம். வேறு பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள்" என்றபடி பேனாவை எடுத்தார்.

அக்காவுக்கு அவ்வளவு நோர்வேஜிய மொழி விளங்கும். சிரிப்பு அப்படியே உதட்டில் நின்றது. யூலியா இனி இல்லை. மெட்ரோவின் நெற்றியில் ஊர்ப்பெயர் வாசித்த பிள்ளை இனிப் பின்வாங்கிலேயே இருந்து வளர்வாள். ஒரு பொய்யைக் காப்பாற்றினால் அதுதான் நடக்கும். உண்மையைச் சொன்னாலோ, இத்தனை பேருக்கு முன் பிள்ளை கூனிக் குறுகிப்போவாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்காவின் கை நீண்டு, புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பியது.

"இதை வாசி மகள்" என்றார் தமிழில்.

ஷரோன் தாயைப் பார்த்தாள். பக்கத்தைப் பார்த்தாள். அதில் நரி இல்லை, ஒரு படகு இருந்தது. விரலை முதல் வரியில் வைத்து, நரி ஆற்றங்கரைக்கு வந்தது என்று பழைய பக்கத்தையே தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். காது இரண்டும் சிவந்தன.

அக்கா எழுந்து நின்றார். உடைந்த நோர்வேஜிய மொழியில், சத்தமாகச் சொன்னார். "என் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. அது நான் வாயில் வைத்த கதை. நான் சொன்னது எல்லாம் பொய். யூலியா வருவதில்லை. என் பிள்ளை படம் தீட்டுகிறாள். காலையில் வயிறு நோகுது என்று அழுகிறாள். எல்லாம் நல்லது இல்லை." வேலைக்கு வந்து இத்தனை வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை.

டானியல் பேனாவைக் கீழே வைத்தார். ரெக்டரிடம், யூலியா எந்தெந்த நாட்களில் வேறு வகுப்பில் நின்றார் என்று கேட்டார். ஆசிரியர்களுக்குக் காய்ச்சல், விக்கார் கிடைப்பது கஷ்டம் என்று ரெக்டர் தொடங்கினார்.

"நான் கேட்டது அது இல்லை" என்றார் டானியல்.

ஷரோனுடைய நேரத்தில் யூலியாவை இனி வேறெங்கும் அனுப்பக்கூடாது, தவறவிட்ட நேரத்தையும் ஈடுசெய்யவேண்டும், இது எழுத்தில் வரும் என்றும், சரிபார்க்கத் தானே திரும்ப வருவதாகவும் டானியல் சொன்னார். எனக்கு அந்த மெலிந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. அக்கா அதைக் கேட்டாரோ தெரியாது. அவர் கண் பிள்ளையின் மேலேயே இருந்தது.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஷரோன் தாயின் கையைப் பிடிக்காமல் எங்களுக்கு முன்னால் நடந்தாள். மெட்ரோ நிலையத்து வாங்கில் இருந்ததும் அக்கா கேக் பெட்டியைத் திறந்து நீட்டினார். பிள்ளை தொடவில்லை.

"நான் எல்லாம் சரியாத்தானே சொன்னனான்?" என்றாள். "ஏன் பக்கத்தை மாத்தினீங்கள்?"

"உனக்கு யூலியா வேணுமெல்லே மகள். அதுக்குத்தான்."

"யூலியா வரப் போறாவோ?"

"ஓம். இனி வருவா."

ஷரோன் ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டாள்.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே அம்மா. எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு நானே டானியலுக்குச் சொல்லியிருப்பன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மெட்ரோ வந்து, கதவு திறந்து, மூடி, எங்களை விட்டுவிட்டுப் போயிற்று.