பாதரசம் பட்ட தாலி

தங்கம் சரியான சோம்பேறி என்றுதான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். சோடியத்துக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது, எரிந்துகொண்டு குதிக்கும். இரும்புக்கு ஈரக்காற்றுப் போதும், துருப்பிடித்துவிடும். தங்கமோ காற்று, தண்ணீர், சாதாரண அமிலம் எது வந்தாலும் ஏன் என்று கேட்காது. தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில், வருஷா வருஷம் இதைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் இந்தப் பாடம் வந்தபோது என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கோர்ட்டில் குமாஸ்தா வேலை அவருக்கு. கண் மஞ்சளித்ததும் காமாலைதானே என்றிருந்தோம். என் மாமியார் சீவலப்பேரியிலிருந்து கீழாநெல்லியைப் பறித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து, மோரில் கலக்கிக் கொடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. வயிறு வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. கல்லீரல் என்றார்கள், பார்ப்போம் என்றார்கள். அந்தப் 'பார்ப்போம்' இருக்கிறதே, இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் மண்டும். என்னத்தைப் பார்ப்பது?

லீவெல்லாம் தீர்ந்துபோய், கட்டிலடியில் கிடந்த அசதியோடு வகுப்புக்குப் போனேன். திரவமாக இருக்கும் உலோகத்தைக் காட்டுவதற்காகப் பீங்கான் கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றிக் குனிந்தேன்.

"டீச்சர், தாலி!" என்று முன்பெஞ்சுப் பிள்ளை கத்தினாள்.

சேலைக்குள் கிடக்க வேண்டிய சங்கிலி வெளியே விழுந்து, தாலி கிண்ணத்துக்குள் முங்கியிருந்தது. பதறித் தூக்கினால் வெள்ளையாகிவிட்டிருந்தது. அந்தச் சோம்பேறிக்குப் பாதரசம் என்றால் மட்டும் அப்படி ஒரு ஆசை, பட்டதும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் கோத்திருந்த இரும்பு ஊக்கும்தான் பாதரசத்தில் பட்டது. காலணா பெறாத அதற்கு ஒன்றுமில்லை. பாதரசத்தைக் கையால் தொடாதீர்கள் என்று பிள்ளைகளை அதட்டுகிறவள், அன்றைக்கு வெறும் விரலால் தேய் தேயென்று தேய்த்தேன். போகவில்லை.

சாயங்காலம் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போய், தெரிந்த ஆசாரியிடம் காட்டினேன். பார்த்த உடனே சொன்னார்: "பாதரசம்லா பட்டிருக்கு. தீயில வாட்டுனா புகையாப் போயிரும், டீச்சரம்மா. ரெண்டு நிமிஷ சோலி. ஒரு மஞ்சக் கிழங்கக் கயித்துல கெட்டிக்கிட்டு இதக் கழத்திக் குடுங்க."

கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் மஞ்சள். ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோமே என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியாரிடம் சொன்னேன்.

"கழத்தவா? அவன் இப்படிக் கெடக்கையில கழத்தவான்னு கேக்குதியே, ஒனக்கு நாக்கு கூசல? அவன் எந்திரிச்சு வரட்டும். அவன் கையால மஞ்சளக் கெட்டட்டும். அப்பொறம் கழத்து."

கொஞ்ச நேரம் கழித்து அவரே அழ ஆரம்பித்தார். "எம்புள்ள மேல மஞ்ச ஏறுது. ஒன் தாலியில எறங்குது."

"அத்த, இது வெறும் பாதரசம். வேற ஒண்ணுமே இல்ல."

"நீ படிச்சவ, ஒனக்கு எல்லாம் தெரியும். அப்ப அவன எழுப்பிக் குடு."

மறுநாள் பிள்ளைகள் போன பிறகு ஆய்வகத்தைத் திறந்தேன்.

அங்கே நைட்ரிக் அமிலம் இருந்தது. கழுத்தில் கிடக்கும்போதே குனிந்து முக்கிவிடலாம். பாதரசம் கரையும், தங்கம் கரையாது. புட்டியைத் திறக்கவும் திறந்தேன். பற்றவைத்த இடத்தில் செம்பு இருக்குமே, அது கரைந்து தாலி அறுந்து விழுந்தால்? மூடி வைத்துவிட்டேன். சகுனமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஊரெல்லாம் பேசுகிற வாய் எனக்கு.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரும் தாலியைப் பார்த்துவிட்டார். "என்ன டீச்சரம்மா, நான் படுத்த நேரம் பாத்து வெள்ளிக்கு மாத்திட்டியா?" என்று சிரித்தார். சிரிக்கவே மூச்சு வாங்கியது. நடந்ததைச் சொன்னேன், அவர் அம்மா சொன்னதையும் சொன்னேன்.

"இதுக்கா அழுத? வீட்டுக்கு வந்ததும் கெட்டுதேன். ஒருக்கா கெட்டுன கைதான?"

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கைகூட மஞ்சளாக இருந்தது. அதற்குப் பிறகு பேச்சு குழறியது, அப்புறம் ஆளும் தெரியவில்லை. என்னைப் பார்த்து, யாரு என்று கேட்டார். நான் என்ன செய்வேன்? ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டேன். அது ஒன்றுதான் என்னால் ஆனது.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் போய்விட்டார். அவரைக் கொண்டுபோனது கல்லீரல்தான், தாலி இல்லை. இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டுச் சொல்வேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதுதான் குரல் எழும்புவதில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் பெண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்து தாலியை வாங்கினார்கள். மறுநாள் மாமியார் அதை ஒரு துணியில் முடிந்து என் கையில் வைத்தார்.

"ஆசாரிட்ட குடு, தாயி. இனி யாரு தடுக்கப் போறா?"

ஆசாரி முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள் கட்டியிருக்கிறேனா என்று வழக்கம்போல என் கழுத்தைப் பார்த்தார். பார்த்தவர் தலையைக் குனிந்துகொண்டார். புகை ஆகாது, தள்ளி நில்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து ஊதுகுழலை வாயில் வைத்தார். வெள்ளை போனது, மஞ்சள் வந்தது. அவர் அன்றைக்குச் சொன்னது சரிதான். ரெண்டு நிமிஷ சோலிதான்.